முப்பத்தோராவது ஆடு

ஓர் ஏழைக் குடும்பம் ஒரே இரவில் எத்தனை ஆடுகளை இழக்கலாம்? அரசின் விதிகளில் இக்கேள்விக்கு விடை உண்டு. முப்பது ஆடுகளை இழக்கலாம். முப்பத்தோராவது ஆடு செத்தால் அது அக்குடும்பத்தின் பாடு.

இதனை யாரும் மிகைக்கூற்று என எண்ண வேண்டாம். பேரிடர்க் காலங்களில் எந்த இழப்புக்கு எவ்வளவு உதவித்தொகை வழங்கலாம் என்பதற்கு நடுவண் உள்துறை அமைச்சகம் நெறிமுறைகளை வகுத்துள்ளது. 2022 அக்டோபரில் வெளியான நெறிமுறைகள் 2022-23 முதல் 2025-26 வரையிலான நிதியாண்டுகளுக்கு உரியவை. அவற்றின்படி, கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய்; செம்மறியாடு, வெள்ளாடு, பன்றி ஆகியவற்றுக்கு 4,000 ரூபாய்; உழவு எருதுக்கு 32,000 ரூபாய்; கன்றுக்கு 20,000 ரூபாய்; கோழிக்கு 100 ரூபாய். கோழிகளுக்காக ஒரு குடும்பம் பெறக்கூடிய மொத்தத் தொகை 10,000 ரூபாயைத் தாண்டலாகாது. கறவையினங்களில் ஒரு குடும்பத்துக்குப் பெரியவை மூன்று, அல்லது சிறியவை முப்பது என்பதே உச்சவரம்பு. அக்குடும்பம் அதற்குமேல் எத்தனை இழந்திருப்பினும் இவ்வரம்பு மாறாது என்று அந்த விதியே வெளிப்படையாகச் சொல்கிறது. அறியாமையால் விடுபட்டுப் போனதாயின் மன்னிக்கலாம். அதிகமாக இழப்பவர்கள் இருப்பார்கள் என்று அறிந்தே, அவர்களுக்கு இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கால்நடைகளை இழந்த உழவர்க்கும் மேய்ப்பர்க்கும் அரசு வழங்கும் தொகையைப் பற்றி நம் மக்களிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. செய்தித்தாளில் "மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு" என்று பட்டியல் வந்தவுடன், இழந்தவர்க்கு இழந்தது கிடைத்துவிட்டது என்று நாம் ஆறுதல் அடைந்துவிடுகிறோம். அந்த ஆறுதலுக்கு இடமில்லை என்பதையும், இன்றைய முறை யாருக்கு உதவி மிகுதியாகத் தேவையோ அவரையே வாசலில் நிறுத்திவிடுகிறது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளம் கொண்டுபோனவை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாள் பொழுதில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் நின்றுபோனது. அப்பயணிகளை மீட்ட செய்தியை நாடே பார்த்தது, மகிழ்ந்தது. அது முறையே. ஆனால் அதே இரவில் தொழுவங்களில் தும்போடு கட்டப்பட்டிருந்த மாடுகளையும், பட்டிகளில் அடைபட்டிருந்த ஆடுகளையும் மீட்பார் இல்லை. மாடு நீந்தத் தெரிந்த விலங்குதான். கட்டுத்தறியில் கட்டப்பட்ட மாடு நீந்த முடியாது. நடு இரவில் கழுத்தளவு நீரில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து வெளியேறியவர்களுக்குத் தும்பை அறுத்துவிட நேரம் வாய்க்கவில்லை.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலும் இதே பாடத்தைத்தான் கற்பித்தது. தென்னைகள் விழுந்த கணக்கு நமக்குத் தெரியும். அத்தென்னைகளின் அடியில் கட்டியிருந்த கறவைகளின் கணக்கை நாம் கேட்டதில்லை. அப்போது பசுவுக்கு 30,000 ரூபாய் என்றும் ஆட்டுக்கு 3,000 ரூபாய் என்றும் அரசு அறிவித்தது. 2015-இல் வகுத்த அளவு அது. ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் ஆட்டுக்கு ஓராயிரம் ரூபாய் கூட்டினார்கள்.

விலை என்ன, தொகை என்ன?

எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்குப் போய், 4,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சினை வெள்ளாட்டைக் கேட்டுப் பாருங்கள். விற்பவர் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் பேசப் போய்விடுவார். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாய்க்குக் குறையாமல் விற்கும் நாளில், 4,000 ரூபாய் என்பது ஐந்து கிலோ கறியின் விலை. உயிரோடு இருந்த ஆட்டை, அதன் வயிற்றில் இருந்த குட்டிகளை, அடுத்த ஆண்டு அது ஈனவிருந்த குட்டிகளையெல்லாம் சேர்த்து ஐந்து கிலோ கறியாக எடைபோடுகிறது அரசின் தராசு.

பசுவுக்கும் இதே கணக்குத்தான். நாளொன்றுக்கு எட்டு லிட்டர் கறக்கும் பசு. 2022 நவம்பரில் ஆவின் நிர்ணயித்த கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய். ஒரு நாள் வரவு 280 ரூபாய். தீவனச் செலவைக் கழிக்காமலேயே பார்த்தாலும், 37,500 ரூபாய் என்பது 134 நாள் பாலின் விலைதான். பசுவோ பல ஈற்றுக்குப் பால் தரும், கன்று தரும், எரு தரும். அந்தத் தொகையைக் கொண்டு அதே தரத்துக் கறவையை வாங்க முடியாது. ஆயினும் நெறிமுறைகளில் இத்தலைப்பின் பெயர் என்ன தெரியுமா? "இழந்த கால்நடைக்கு மாற்றுக் கால்நடை" என்பதே அதன் பொருள். பெயர் மாற்று என்கிறது. தொகை பாதிக்கும் போதவில்லை.

இதைக் கேட்டால் அரசு தரப்பில் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. நாடாளுமன்றத்தில் பலமுறை சொல்லப்பட்ட விடை. பேரிடர் நிதியிலிருந்து வழங்கப்படுவது நிவாரணம்தான். அது இழப்புக்கு ஈடு செய்வதன்று என்பார்கள். தமிழில் நாம் நிவாரணம், இழப்பீடு என்னும் இரு சொற்களையும் ஒன்றுபோல் வழங்கி வருகிறோம். அரசு அப்படி வழங்குவதில்லை. இழப்பீடு என்றால் இழந்தவர்க்கு உரிமை உண்டாகிவிடும். எவ்வளவு இழந்தார் என்று கேட்க வேண்டிவரும். நிவாரணம் என்றால் கொடுப்பவர் மனம்போல் அளக்கலாம். இந்த ஒரு சொல் வேறுபாட்டின் மேல்தான் அத்தனை வரம்புகளும் நிற்கின்றன.

வரம்புக்கு வெளியே நிற்பவர் யார்?

"முப்பதுக்குமேல் ஆடு வைத்திருப்பவன் பணக்காரன்தானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நிலமுள்ளவர்க்கு ஆடு உபதொழில். ஐந்தோ பத்தோ போதும். நிலமில்லாத மேய்ப்பர்க்கு ஆடுதான் நிலம், ஆடுதான் வங்கி, மகளின் திருமணமும் மகனின் படிப்பும் ஆடுதான். எண்பது ஆடு வைத்திருக்கும் மேய்ப்பரின் குடும்பத்தில் பெரும்பாலும் சொந்த வயல் இருப்பதில்லை. மூன்று சகோதரர்கள் ஒரே மந்தையை மேய்த்து, ஒரே குடும்ப அட்டையில் பெயர் கொண்டிருந்தால் அவர்கள் மூவரும் சேர்ந்து ஒரு குடும்பம்; முப்பது ஆடு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்பதில் அறுபது ஆடுகள் வெள்ளத்தில் போயின என்க. ஆடு ஒன்று 8,000 ரூபாய் என்று குறைத்தே மதித்தாலும் இழப்பு 4,80,000 ரூபாய். கிடைப்பது முப்பது ஆட்டுக்கு 1,20,000 ரூபாய். நான்கில் ஒரு பங்கு. மூன்று ஆடு மட்டும் இழந்தவர்க்குப் பாதி விலையாவது கிடைக்கிறது. வாழ்வையே இழந்தவர்க்குக் கால் விலை. இழப்பு பெருகப் பெருக உதவி சுருங்கும் இந்த முறையை எந்த அறநூல் ஏற்கும்?

இன்னொரு முரண்பாடும் உண்டு. நடுவண் அரசின் கால்நடைக் காப்பீட்டுத் திட்டத்தில் 2024 பிப்ரவரியில் மாற்றங்கள் செய்யப்பட்டன. ஒரு குடும்பம் காப்பீடு செய்யக்கூடிய கால்நடை அலகுகள் ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தப்பட்டன. ஆடுகளைப் பொறுத்தவரை பத்து ஆடுகள் ஓர் அலகு. ஆக, ஒரு குடும்பத்துக்கு நூறு ஆடுகள் இருக்கலாம் என்பதை அரசே ஒரு கோப்பில் ஒப்புக்கொள்கிறது. சந்தா வாங்கும் கோப்பில் நூறு; நிவாரணம் தரும் கோப்பில் முப்பது. இவ்விரு கோப்புகளும் ஒரே அரசின் மேசைமேல்தான் இருக்கின்றன.

காதின் ஒரு துண்டு

விலையையும் வரம்பையும் விடக் கொடியது சான்று கேட்கும் முறை. மழை ஓய்ந்து மூன்றாம் நாள் முதல் பங்கு இல்லத்துக்கு மனு எழுதித் தரக் கேட்டு வருவோர் பலர். அவர்களுள் ஏழு வெள்ளாடுகளை இழந்த முதிய கைம்பெண் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள்: "சாமி, செத்த ஆட்டைக் காட்டுன்னு கேக்காங்க. ஆத்துல போன ஆட்ட நான் எங்க போய்க் காட்ட?" கால்நடை மருத்துவரின் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, புகைப்படம், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்கிறார்கள். உடல் கிடைத்தவர்களோ நாற்றமும் நோயும் பரவாதிருக்க உடனே புதைக்கும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். புதைத்தால் சான்று போயிற்று. புதைக்காவிட்டால் ஊர் போயிற்று.

இறந்த ஆட்டுக்குச் சான்று கேட்பது புதிய வழக்கமன்று என்பதை விவிலியம் படிப்போர் அறிவர். ஆமோஸ் இறைவாக்கினர், சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு கால்களையோ காதின் ஒரு துண்டையோ பிடுங்கி எடுக்கும் மேய்ப்பனைப் பற்றிப் பேசுகிறார். செத்த ஆட்டின் காதுத் துண்டை எதற்காக உயிரைப் பணயம் வைத்து எடுக்க வேண்டும்? உரிமையாளரிடம் காட்டுவதற்காகத்தான். காட்டாவிட்டால் திருடன் என்பார்கள். தெக்கோவாவில் மந்தைகளோடு வாழ்ந்த ஆமோசுக்கு மேய்ப்பனின் இந்த அச்சம் நன்றாகத் தெரிந்திருந்தது. இன்று நம் கால்நடைகளுக்குக் காதில் பன்னிரண்டு இலக்க வில்லை மாட்டுகிறார்கள். வில்லை இல்லையேல் காப்பீடு இல்லை. ஈராயிரத்து எழுநூறு ஆண்டுகள் கடந்தும் மேய்ப்பன் காதின் துண்டைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.

ஆனால் பழைய சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். பிறர் கால்நடையைக் காக்கும் பொறுப்பேற்றவரிடம் அது காட்டு விலங்கால் பீறப்பட்டால், எஞ்சியதைச் சான்றாகக் கொண்டுவரட்டும் என்கிறது. யாரும் பாராதபோது அது செத்தாலோ ஓட்டிச் செல்லப்பட்டாலோ என்ன செய்வது? ஆண்டவர் முன் அவர் ஆணையிட்டுச் சொல்லட்டும், உரிமையாளர் அதை ஏற்றுக்கொள்ளக் கடவர், ஈடு கேட்கலாகாது. காட்டுவதற்கு ஏதுமில்லாத இழப்பும் உண்மையான இழப்பே என்பதைப் பாலைநிலத்து மக்களின் சட்டம் ஒப்புக்கொண்டது. ஏழையின் வாய்ச்சொல்லுக்கு அது மதிப்பளித்தது. கணினியும் செயற்கைக்கோளும் கொண்ட நம் ஆட்சிக்கு அந்த மனம் இல்லை.

வாரத்துக்கு வளர்ப்பவர்

இனி நம் சொந்த வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் ஊர்களில் வாரத்துக்கு ஆடு மாடு விடும் வழக்கம் உண்டு. முதல் போட்டவர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர். ஈனும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. வளர்ப்பவர் பெரும்பாலும் நிலமற்றவர், பலவேளை கைம்பெண். தழை ஒடித்துப் போட்டதும், நோய் வந்தபோது மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்றதும், மழை இரவில் குட்டிகளைச் சேலைக்குள் வைத்துக் காத்ததும் அவரே. வெள்ளம் வந்து ஆடு போனபின் நிவாரணத் தொகை யார் வங்கிக் கணக்குக்குப் போகிறது? முதல் போட்டவர் கணக்குக்கு. வளர்த்தவர்க்கு ஒன்றுமில்லை, சில இடங்களில், "உன் கவனக் குறைவால் போயிற்று" என்று அவரிடமே ஈடு கேட்கவும் செய்கிறார்கள்.

யாக்கோபு தன் மாமன் லாபானிடம் வெடித்துப் பேசிய இடம் தொடக்க நூலில் உண்டு. விலங்குகள் பீறிய ஆடுகளின் இழப்பைத் தானே சுமந்ததையும், பகலில் திருடு போனாலும் இரவில் திருடு போனாலும் லாபான் தன்னிடமே ஈடு கேட்டதையும் சொல்லிச் சொல்லி அவர் குமுறுகிறார். இருபது ஆண்டு உழைப்பின் குமுறல் அது. நம் பங்குகளில் லாபான்கள் இல்லையா? ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்ந்து திருப்பலி காணும் நம்மில் சிலரும், வாரத்து ஆட்டுக்கு வந்த நிவாரணத்தை வளர்த்தவளுக்குத் தெரியாமல் முழுமையாக எடுத்துக்கொண்டதில்லையா? அரசை நோக்கி விரல் நீட்டுமுன் இக்கேள்வியை நாம் நம் நெஞ்சிடம் கேட்டாக வேண்டும்.

ஊர்விட்டு ஊர் செல்லும் கீதாரிகளின் நிலையோ இன்னும் கடினம். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து காவிரிப் படுகைக்கு மந்தைகளை ஓட்டிச் சென்று, அறுவடை முடிந்த வயல்களில் கிடை அமர்த்தி, நிலத்துக்கு உரம் கொடுப்பவர்கள் அவர்கள். கிடை இருப்பது ஒரு மாவட்டம்; குடும்ப அட்டை இருப்பது இன்னொரு மாவட்டம். இழப்பு நேர்ந்தால், "உங்கள் ஊரில் போய்க் கேளுங்கள்" என்று இங்கேயும், "நேர்ந்த இடத்தில் கேளுங்கள்" என்று அங்கேயும் சொல்லி அனுப்ப இடமிருக்கிறது. நாட்டின் 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியபோதுதான், இடம்பெயர் மேய்ப்பர்களின் மந்தைகளைத் தனியே கணக்கிடும் ஏற்பாடு முதன்முறையாக வந்தது. எண்ணுவதற்கே இத்தனை காலம் ஆயிற்று என்றால், ஈடு செய்வதற்கு எத்தனை காலம் ஆகும்?

மறுப்புகளுக்கு மறுமொழி

முதல் மறுப்பு: "தளர்த்தினால் பொய்க்கணக்கு எழுதுவார்கள்." எழுதுவோர் இருக்கலாம். ஆயின் பொய்யைத் தடுக்கும் வழி, இறந்தபின் பிணத்தைத் தேடுவதன்று. உயிரோடு இருக்கும்போதே எண்ணி வைப்பது. 2019-இன் கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன என்று சொல்லத் தெரிந்த அரசுக்கு, ஓர் ஊரில் யாரிடம் எத்தனை இருந்தன என்று தெரியாதா? ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடும்போதும், கோமாரிக்குப் போடும்போதும் வீடுவீடாகப் பதிவு நடக்கிறதே, அது சான்றாகாதா? 2011-இல் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கத் தொடங்கியபோது பயனாளிகளின் பட்டியல் அரசிடம் இருந்தது. கொடுக்கும்போது பட்டியல் இருக்கிறது. இழக்கும்போது மட்டும் பட்டியல் காணாமல் போகிறது.

இரண்டாம் மறுப்பு: "காப்பீடு செய்துகொள்ள வேண்டியதுதானே?" 2024-இன் மாற்றத்தால் உழவர் செலுத்த வேண்டிய சந்தாப் பங்கு 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை வரவேற்கிறோம். நம் மக்கள் அதில் சேர வேண்டும். 1961-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 'தாயும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடலில், வேளாண் விளைபொருளுக்குக் காப்பீடும் உழவர் குடும்பங்களுக்குச் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்று வலியுறுத்தினார். மற்றத் தொழில் செய்வோர்க்குக் கிடைப்பதைவிட உழவர்க்குக் கிடைப்பது குறையலாகாது என்றும் கருதினார். ஆகவே காப்பீட்டுக்கு நாம் எதிரிகள் அல்லோம். ஆனால் காப்பீடு என்பது பணம் கட்டியவர்க்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். பேரிடரில் குடிமக்களைத் தாங்குவது அரசின் கடமை. ஒன்று இருப்பதால் மற்றது இல்லாது போகாது. சந்தா கட்டவும் கையில் காசில்லாதவரே முதலில் மூழ்குகிறார்.

மூன்றாம் மறுப்பு: "அரசிடம் பணமில்லை, நெறிமுறை கைகளைக் கட்டிப் போட்டிருக்கிறது." மாநிலப் பேரிடர் நிதியில் தமிழகம் போன்ற மாநிலங்களுக்கு நடுவண் அரசு முக்கால் பங்கும் மாநில அரசு கால் பங்கும் இடுகின்றன. அந்நிதிக்கு வரம்பு உண்டு என்பது மெய்யே. ஆனால் மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்து கூடுதலாகத் தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை. 2022-இல் தோல் கழலை நோய் வட இந்தியாவில் மாடுகளைக் கொன்று குவித்தது. நடுவண் நெறிமுறைகள் ஏற்கும் பன்னிரண்டு பேரிடர்களின் பட்டியலில் கால்நடை நோய் இல்லை. ஆயினும் ராஜஸ்தான் அரசு 2023-இல் மாடு இழந்தவர்களுக்கு மாடொன்றுக்கு 40,000 ரூபாய் வழங்கியது. மனமிருந்தால் வழியுண்டு. நம் மாநிலத்திலும் காங்கயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றபோது, அதுவும் எந்தப் பட்டியலிலும் இல்லாத சாவாகவே இருந்தது. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர்கள் போராடிய பின்னரே, 2025-இல் இழப்பீட்டு அறிவிப்பு வந்தது. போராடியவர்க்குக் கிடைத்தது. போராட ஆளில்லாத ஊர்களின் கதி என்ன?

நாம் கேட்க வேண்டியவை

விதிகள் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் நாம் சில கோரிக்கைகளை உரத்துச் சொல்ல வேண்டும். முதலாவது, குடும்பத்துக்கு முப்பது என்னும் வரம்பு நீங்க வேண்டும். உடனே நீக்க இயலாதெனில், காப்பீட்டில் ஒப்புக்கொண்ட நூறு என்னும் அளவுக்கேனும் உயர வேண்டும். இரண்டாவது, தொகையானது அவ்வட்டாரச் சந்தை விலையோடு பிணைக்கப்பட்டு ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும். மூன்றாவது, பொருளீட்டித் தரும் விலங்குகளின் இழப்புக்கே உதவியை மட்டுப்படுத்தலாம் என்று நெறிமுறையில் உள்ள வாசகம் நீங்க வேண்டும். இன்றைய குட்டிதான் நாளைய ஆடு. நான்காவது, உடல் கிடைக்காதபோது பாதிக்கப்பட்டவரின் உறுதிமொழியையும் அண்டை வீட்டார் இருவரின் சாட்சியத்தையும் கிராம சபையின் ஒப்புதலையும் சான்றாக ஏற்க வேண்டும். ஐந்தாவது, வாரத்துக்கு வளர்ப்பவரின் பெயரும் பதிவாகி, தொகையில் பாதி அவர்க்கு நேரே சேர வேண்டும். ஆறாவது, இழப்பு நேர்ந்த இடத்திலேயே கீதாரிகளின் விண்ணப்பத்தைப் பெற வேண்டும்.

இவற்றை யார் கேட்பது? நாம்தான். ஆண்டுதோறும் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2 என்பது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முந்திய நாள். அந்நாளுக்கு முன் ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில், சாதி சமயம் பாராமல், எந்த வீட்டில் எத்தனை கால்நடைகள், யார் உரிமையாளர், யார் வளர்ப்பவர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிப் புகைப்படமும் எடுத்து வைக்கட்டும். அக்குறிப்பேட்டைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கட்டும். பெருவெள்ளம் வந்தபின் நூறு மனுக்கள் எழுதுவதைவிட, வருமுன் எழுதும் இவ்வொரு குறிப்பேடு பயன் தரும். படித்த இளைஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இல்லாத பங்கு எது? இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை இழுக்க, தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையைத் திருவாரூர் மண் இன்றும் சொல்கிறது. அக்கதையில் நாம் வியக்க வேண்டியது மன்னனின் கடுமையை மட்டுமன்று. வாயற்ற விலங்கின் இழப்பைக் கேட்க அரண்மனை வாசலில் ஒரு மணி தொங்கியதே, அதுதான் வியப்பு. அந்த மணியை இழுத்த பசுவிடம் யாரும் கன்றின் காது வில்லையைக் கேட்கவில்லை. "இது உன் எத்தனையாவது கன்று?" என்றும் கேட்கவில்லை. கஜா புயலில் கறவைகளை இழந்து வட்டாட்சியர் அலுவலக வாசலில் வரிசையில் நின்றவர்கள் அதே திருவாரூர்ச் சீமையின் மக்கள்.

வாய் உள்ள நாம் அந்த மணியை இழுக்க வேண்டும். முப்பது ஆடுகளுக்காகவும் இழுக்க வேண்டும்; அதற்குமேல் செத்த ஒவ்வோர் ஆட்டுக்காகவும் இழுக்க வேண்டும். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனாலும் அதைத் தேடிச் செல்லும் ஆயனைப் பற்றி நாம் ஆண்டுதோறும் மறையுரை கேட்கிறோம். அந்த ஆயன் எண்ணிக்கையை முப்பதோடு நிறுத்தவில்லை.